பட்டியலில் இல்லை

செத்துப்போன எபிசோடை என்ன பண்றது? அந்த வருஷம் வசந்தகாலம் பூரா எங்க ஆபீஸ்ல இதே சண்டைதான்.

ஆபீஸ்னா பெருசா நினைச்சுக்காதீங்க. உட்ரெக்ட் நகரத்துல கால்வாய் ஓரமா ஒரு பழைய கிடங்கு, அதோட மேல் மாடியில ஒரு அறை, ரெண்டு மேஜை, இருமிக்கிட்டே காபி போடற ஒரு மெஷின். ஆளும் ரெண்டே பேர்தான். நான் யிட்ஸ்கே. எதிர் மேஜையில ரூலொஃப். காலேஜ்லேர்ந்து கூட இருக்கான், ஒரு தடவைகூட என்கிட்ட தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டது கிடையாது. ரெண்டு பேரும் சேர்ந்து பாட்காஸ்ட் கேக்கிற ஆப் ஒண்ணை நடத்திட்டிருந்தோம்.

பாட்காஸ்ட் போடறவங்க எல்லாரும் இணையத்துல ஒரு பட்டியல் வெச்சிருப்பாங்க. எங்க ஆப் மணிக்கொரு தடவை அந்தப் பட்டியலைப் போய் எட்டிப் பார்க்கும். புதுசா ஒண்ணு இருந்தா போன்ல இறக்கி வெச்சுக்கும். அவ்வளவுதான் வேலை. நேத்து பட்டியல்ல இருந்த எபிசோட் இன்னிக்கு இல்லைன்னா என்ன பண்றதுங்கிறதுதான் தலைவலி. போன்ல இருக்கிற பிரதியை வெச்சுக்கணுமா, தூக்கிப் போடணுமா?

ஏன் காணோம்னு பட்டியல் சொல்லாது, பாருங்க. சில கம்பெனிங்க கடைசியா வந்த கொஞ்சத்தை மட்டும் காட்டிட்டு பழசை வெட்டிடும். சில நேரம் அவங்க சர்வர் மக்கர் பண்ணி வெறும் பட்டியலை நீட்டும். சிலர் கம்பெனி மாத்தும்போது எல்லா எபிசோடுக்கும் அடையாள எண் மாறிடும். சிலர் நிஜமாவே, 'ஐயோ, இதைச் சொல்லியிருக்கக் கூடாது'ன்னு தன் கையாலேயே எடுத்திருப்பாங்க. எங்க ஆப் கண்ணுக்கு இது நாலும் ஒண்ணுதான். பட்டியல்ல இல்லை, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

முன்னாடியெல்லாம் பட்டியல்ல காணாம போனதை எங்க ஆப் போன்லேர்ந்தும் அழிச்சிடும். ஒரு நாள் ஏதோ ஒரு கம்பெனி பழசையெல்லாம் மொத்தமா வெட்டிவிட, ஜனங்க ஆசையா சேர்த்து வெச்சதெல்லாம் போச்சு. வந்த வசவைப் படிச்சா சாப்பாடு இறங்காது. ரூலொஃப் அதைச் சாக்கா வெச்சுக்கிட்டுக் குதிச்சான்.

"போன் யாரோடது யிட்ஸ்கே? கேக்கிறவனோடது. ஒருத்தன் வீட்டு அலமாரியில இருக்கிற புத்தகத்தை, எழுதினவனுக்கு மனசு மாறிடுச்சுன்னு நீ சுவரேறிக் குதிச்சு எடுத்துட்டு வருவியா?"

"எடுத்தவங்க ஏதாவது காரணத்தோடதான்டா எடுத்திருப்பாங்க."

"காரணம் என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மூடிக்கிட்டு இரு. கையை வைக்காதே."

அவன் சொன்னபடிதான் ஆச்சு. இனிமே எங்க ஆப் எதையும் அழிக்காது. காணாம போன எபிசோட் மேல ஒரு சாம்பல் புள்ளி, பக்கத்துல 'பட்டியலில் இல்லை'ன்னு ஒரு வரி. அதெல்லாத்தையும் சேர்த்துக் காட்ட தனியா ஒரு பக்கம். புள்ளியை நான்தான் வரைஞ்சேன், அழகாவே வந்துச்சு. ஜனங்க கொண்டாடினாங்க. ரூலொஃப் தலை கால் புரியாம ஆப்பிள் கேக் வாங்கிட்டு வந்தான். அவன் காசு செலவழிச்சுக் கேக் வாங்கினதை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை.

அந்த வாரம்தான் அந்த மெயிலும் வந்துச்சு. இவ்வளவு மரியாதையான மெயில் எங்களுக்கு வந்ததே கிடையாது. எங்க ஜனம் மெயில்ல வணக்கம்கூடச் சொல்லாது, நேரா 'உங்க ஆப் குப்பை'ன்னுதான் ஆரம்பிக்கும். இவரோ புது வசதிக்கு நன்றி சொல்லி, எங்க உழைப்பைப் பாராட்டி, கடைசியில ஒரு சின்ன சந்தேகம் கேட்டிருந்தார். 'எனக்குப் பிடித்த நிகழ்ச்சியில் ஓர் எபிசோட் மறைந்து, புதிதாகத் திரும்பி வந்திருக்கிறது. இரண்டும் என்னிடம் உள்ளன. எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று உங்கள் ஆப் காட்டுமா?' கீழ கையெழுத்து, கோர்னே.

"பாரு, பாரு! இப்படி ஒரு ஆள் போதும்டி நமக்கு"ன்னு ரூலொஃப் நாற்காலியோட ஒரு சுத்து சுத்தினான். அந்த வசதி எங்ககிட்ட இல்லை. ஆனா இவனுக்கு வாய் சும்மா இருக்குமா? தன் கையாலேயே பதில் எழுதினான். பழசை ஒரு போன்ல, புதுசை இன்னொரு போன்ல வையுங்க. ஒண்ணை இடது காதுல, இன்னொண்ணை வலது காதுல மாட்டிக்கிட்டு ஒரே நேரத்துல ஓட விடுங்க. ஒத்துப் போயிட்டே இருக்கும். எங்க தடம் மாறுதோ அங்கதான் வெட்டியிருக்காங்க.

கோர்னே அதுக்கும் நன்றி சொல்லி எழுதினார்.

எங்க ஆபீஸ் போன் அடிக்கவே அடிக்காது. நம்பரை வெப்சைட்டோட அடியில எறும்பு சைஸ்ல போட்டிருக்கோம். ஒரு நாள் மத்தியானம், ரூலொஃப் ரொட்டி மேல சாக்லேட் துகளைக் கொட்டிக்கிட்டிருந்தப்போ, அது அடிச்சுது.

"நீங்கதான் அந்த ஆப் பண்றவங்களா?"ன்னு ஒரு பொண்ணோட குரல்.

எனக்கு அந்தக் குரல் நல்லாத் தெரியும். தூக்கம் வராதவங்களுக்குன்னே ஒருத்தி பாட்காஸ்ட் போடறா. கடல் கரையணை மேல மெதுவா நடந்து போற மாதிரி, ஆடு, புல்லு, காத்துன்னு ஒண்ணுமில்லாததைப் பேசிக்கிட்டே போவா. அதைக் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு சொருகும். என் கோபத்துக்கு ஒரே மருந்து அந்தக் குரல்தான்.

"மாரிட்! நீங்க மாரிட்தானே?"

"எப்படித் தெரியும்?"

"உங்க குரல்ங்க. தினமும் உங்களைக் கேட்டுட்டுத்தான் தூங்கறேன்."

"ஓ"ன்னா. சந்தோஷப்படுவான்னு நினைச்சேன். பயந்த மாதிரிதான் இருந்துச்சு.

"நான் ஒரு எபிசோடை எடுத்துட்டேங்க. கொஞ்சம் வெட்டித் திருத்தித் திரும்பப் போட்டேன். உங்க ஆப்ல பார்த்தா ரெண்டும் இருக்கு. பக்கத்துல பக்கத்துல. பழசு மேல ஒரு சாம்பல் புள்ளி வேற."

"ஆமாங்க, அது என்னன்னா, பட்டியல்ல இல்லாததை..."

"அந்தப் புள்ளி எதுக்குங்க? 'இதைத்தான் இவ மறைக்கப் பார்த்தா'ன்னு ஊருக்கே விரல் நீட்டிக் காட்டவா?"

வேற யாராவது இப்படிக் கேட்டிருந்தா நான் பதிலுக்கு ஒரு காய்ச்சு காய்ச்சியிருப்பேன். அவகிட்ட என் வாய் எழும்பல.

அப்புறம் சொன்னா. புருஷன்கிட்டேர்ந்து பொண்ணு ஃபென்னாவை மட்டும் கூட்டிக்கிட்டு வந்தவ. அவன் கடைசியா என்ன பண்ணினான்னு சொல்லல, "இடது கை இன்னும் முழுசா மடங்காது"ன்னு மட்டும் சொன்னா. பெண்கள் காப்பகத்துக்காரங்க ஒரு சின்ன ஊர்ல வீடு பார்த்துக் கொடுத்திருக்காங்க. அது எந்த ஊருன்னு அவங்களையும் அவ அக்காவையும் தவிர யாருக்கும் தெரியாது. வாசல் ஜன்னல்ல எந்நேரமும் திரை. திரை போட்டு வாழற வீட்டை எங்க ஜனம் ஒரு மாதிரிதான் பார்க்கும், பக்கத்து வீட்டு ஹில்லி அம்மாகூட 'உள்ள என்ன பண்றே'ன்னு கேட்டாளாம். இத்தனை பண்ணியும் பாட்காஸ்டை மட்டும் அவளால விட முடியல.

"அவன் கேப்பான்னு தெரியும். கேக்கட்டும், குரல்ல அட்ரஸா இருக்குன்னு நினைச்சேன். அன்னிக்கு நல்ல வெயில், ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ரெக்கார்ட் பண்ணினேன். நடுவுல ஃபென்னா வந்து ஏதோ கேட்டா. குழந்தை குரல், அழகா இருக்குன்னு வெட்டாம விட்டுட்டேன். அதுக்கு அடியில மணிக்கூண்டு பாடறது என் காதுலயே விழலைங்க."

எனக்குப் புரிஞ்சுது. மணிக்கூண்டு இருக்கிற ஊர்ல பொறந்தவதான் நானும். கால்மணிக்கொரு தடவை அதுல இருக்கிற மணியெல்லாம் சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கும், ஊருக்கு ஊர் வேற பாட்டு, அந்தந்த ஊர் மணிக்காரர் இஷ்டம். புதுசா வந்தவங்களுக்கு முதல்ல தூக்கிவாரிப் போடும். கொஞ்ச நாள்ல காது அதைக் கழட்டி வெச்சுடும். விருந்தாளி வந்து 'அடடா, என்ன இனிமை'ன்னு சொன்னாத்தான், ஓ, பாடுதான்னு நமக்கே தெரியும். மாரிட்டுக்கும் அப்படித்தான். யாரோ ஒரு நேயர் 'மணியோசை அருமை'ன்னு எழுதப்போய்த்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உடனே அதை எடுத்திருக்கா, அந்தத் துண்டை வெட்டிட்டுத் திரும்பப் போட்டிருக்கா.

"எந்த ஊருன்னா..."ன்னு ஆரம்பிச்சா.

"வேண்டாம்! எனக்குச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியவே வேண்டாம்"ன்னு தடுத்தேன். ரொம்ப புத்திசாலித்தனமா நடந்துக்கிட்டதா அப்ப எனக்கே என்மேல ஒரு பெருமை. "உங்க புருஷன் பேரு மட்டும் சொல்லுங்க."

"கோர்னே."

அந்த மரியாதையான மெயிலைத் திறந்து கீழ இருந்த கையெழுத்தைப் பார்த்தேன், அதே பேரு.

"மாரிட்... அவரு எங்களுக்கு மெயில் போட்டிருக்காருங்க."

"என்ன கேட்டான்?"

"பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

எதிர்ல ரூலொஃபைப் பார்த்தேன். ரொட்டியைக் கடிச்சபடி அப்படியே உட்கார்ந்திருந்தான், மெல்லக்கூட இல்லை.

"சொல்லிக்கொடுத்துட்டோம்"னேன்.

அவ கத்துவான்னு பார்த்தேன். கத்தல. அந்தத் தூங்க வைக்கிற குரல்லயே, "எல்லார் போன்லேர்ந்தும் அதை அழிச்சிடுங்க, ப்ளீஸ்"னா. காப்பகத்துக்காரங்க வேற வீடு தேடறாங்களாம், வாரக் கடைசிக்குள்ள மாத்திடுவாங்களாம். அதுவரைக்கும் தாண்டினாப் போதும்னா. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு நம்பரையும் கொடுத்தா.

போனை வெச்சதும், அவ சொன்னதையெல்லாம் ரூலொஃப்கிட்ட கொட்டிக்கிட்டே நான் ஆடின ஆட்டத்தை அந்தக் கால்வாய்ல இருந்த வாத்துகூட மறந்திருக்காது.

"உன் அறிவைக் கொண்டு போய்க் குப்பையில கொட்டு! இடது காதாம், வலது காதாம்! யாருன்னே தெரியாத பயலுக்கு வாத்தியார் வேலை பார்த்திருக்கே!"

"எனக்கு எப்படி யிட்ஸ்கே தெரியும்?" அவன் முகம் சுண்ணாம்பா வெளுத்திருந்துச்சு.

"இப்பத் தெரிஞ்சுதில்ல? அழி. இப்பவே."

வழி இருந்துச்சு. எங்க சர்வர்ல ஒரு குறி வெச்சா, எல்லா போன்லயும் இருக்கிற ஆப் அதைப் படிச்சுட்டு அந்த எபிசோடை அழிச்சிடும். அழிச்சது திரும்ப வந்துடாம இருக்க, அழிச்ச இடத்துல தலைப்போட ஒரு வரி நிக்கும். எங்க தொழில்ல அதுக்குப் பேரே கல்லறைக்கல்தான். யாரு வெச்ச பேரோ, அதுவரைக்கும் எனக்கு அது ஒரு உறுத்தலும் இல்லாத வார்த்தை.

ரூலொஃப் மெதுவா ரொட்டியைக் கீழ வெச்சான். "கோபப்படாமக் கேளு. ஒருத்தருக்காகக் கதவைத் திறந்தா நாளைக்கு மந்திரி வந்து நிப்பான், தான் பேசினதை அழின்னு. சரி, அதை விடு. அந்த ஆளு ஏற்கெனவே கேட்டாச்சு. அந்தத் துண்டு என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சாச்சு. அது முக்கியமா இல்லையான்னு மட்டும்தான் தெரியாது. நீ இப்ப அழிச்சா..."

"அழிச்சா?"

"முக்கியம்னு நாமளே அவனுக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்டி."

"அவளைக் கொன்னுடுவான்டா அவன்! நீ இங்க உட்கார்ந்து கொள்கை பேசு!"

அழிக்கிறதுக்கு முன்னாடி என் போன்ல அந்த எபிசோடை ஒரு தடவை ஓட விட்டேன். ஏற்கெனவே எத்தனையோ தடவை அதைக் கேட்டுத் தூங்கியிருக்கேன். கரையணை, காத்து, ஆடு. நடுவுல கதவு திறக்கிற சத்தம். "அம்மா, முடிஞ்சுதா?" "இன்னும் கொஞ்சம், செல்லம்." அதுக்கு அடியில, தூரத்துல, மணிக்கூண்டுப் பாட்டு. மூணு நாலு சுரம்தான் இருக்கும். இத்தனை தடவை கேட்டும் ஒரு தடவைகூட நான் அதைக் கவனிச்சதில்லை.

பட்டனை அழுத்தினேன். கொஞ்ச நேரத்துல என் போன்லயே அது மறைஞ்சு, அந்த இடத்துல ஒரே ஒரு வரி நின்னுது. 'வெளியிட்டவர் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது.' மாரிட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவ அழுதுட்டா, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. ஒரு நல்ல காரியம் பண்ணிட்டோம்னு நெஞ்சு லேசாயிடுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, புதன்கிழமை மத்தியானம், மழை. ஈரச் சட்டையோட வந்து கம்ப்யூட்டரைத் திறந்தா, மெயில் காத்துட்டிருந்துச்சு.

'அன்புள்ள குழுவினருக்கு. நான் முன்பு கேட்ட எபிசோட் என் போனிலிருந்து மறைந்துவிட்டது. பரவாயில்லை, தேவையான துண்டை முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தேன். மணிக்கூண்டு ரசிகர்கள் மன்றத்தில் அதைப் போட்டு, எந்த ஊர் என்று கேட்டிருந்தேன். அருமையான மனிதர்கள், உடனே பதில் சொன்னார்கள். ஆனாலும் ஒரு தயக்கம் இருந்தது. அது வேறெங்கோ பதிவு செய்த பழைய ஓசையாகவும் இருக்கலாம் அல்லவா? நீங்கள் நீக்கியதைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. மனமார்ந்த நன்றி. கோர்னே.'

ரூலொஃப் என் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சான். 'நான்தான் சொன்னேனே'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன், அது எவ்வளவோ தேவலாம்.

மாரிட்டுக்கு போன் போட்டேன். எடுத்தா.

"மாரிட், இப்பவே கிளம்பு. பையெல்லாம் வேண்டாம். அவனுக்கு ஊரு தெரிஞ்சுபோச்சு." நீங்கன்னு கூப்பிடக்கூட வாய் வரல.

"என்ன சொல்றீங்க?"

"கேள்வி கேக்காதம்மா, கிளம்பு! ஃபென்னா எங்க?"

"நீச்சல் கிளாஸ்ல. புதன்கிழமை இல்லையா? ஹில்லி அம்மாவோட பொண்ணு கூட்டிட்டுப் போயிருக்கா. நான் போய்..."

அவ பின்னாடி மணிக்கூண்டு பாட ஆரம்பிச்சுது. நான் அழிச்சேனே, அதே சுரம். அது முடியறதுக்குள்ள, ரொம்ப பக்கத்துல, வேற ஒரு மணி அடிச்சுது. வாசல் மணி.

"திறக்காதே"ன்னேன்.

"ஹில்லி அம்மாவா இருக்கும். கேக் தட்டு திருப்பித் தரணும்னு..."

"இப்ப வர்றேன்னு சொன்னாங்களா?"

எங்க ஜனம் பெத்த அம்மா வீட்டுக்குப் போறதுக்கே தேதி கேக்கிற ஜனம். பக்கத்து வீடா இருந்தாலும் நாலு மணிக்கு வரட்டுமான்னு கேட்டுட்டுத்தான் வாசல் மிதிப்பாங்க. சொல்லாம யாரும் மணி அடிக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சொல்லலையே"ன்னா மாரிட். ரொம்பச் சின்னக் குரல்ல.

மணி இன்னொரு தடவை அடிச்சுது. மேஜை மேல போனை வெச்ச சத்தம். அப்புறம் அவ காலடிச் சத்தம், வாசல் பக்கம் போச்சா, பின்பக்கம் போச்சான்னு என்னால சொல்ல முடியல. நான் "மாரிட்! மாரிட்!"னு கத்திக்கிட்டே இருந்தேன். லைன் கட் ஆயிடுச்சு.

ரூலொஃப் அதுக்குள்ள அவன் போன்ல 112-ஐக் கூப்பிட்டு என் கையில திணிச்சிருந்தான்.

"சொல்லுங்க மேடம். போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா?"

"போலீஸ்! ஒரு பொண்ணு வீட்டுக்கு அவ புருஷன் வந்திருக்கான். கொன்னுடுவான்!"

"எந்த ஊர் மேடம்?"

நான் வாயைத் திறந்தேன்.

"மேடம், எந்த ஊர்?"

'வேண்டாம், எனக்குச் சொல்லாதீங்க.' இதைச் சொன்ன வாயை என்ன செஞ்சாத் தகும், சொல்லுங்க.

"தெரியாது. நம்பர் இருக்கு. நம்பரை வெச்சுக் கண்டுபிடிங்க!"

"கண்டுபிடிக்கலாம் மேடம், நேரம் ஆகும். ஊர் தெரிஞ்சா உடனே வண்டி போகும்."

"மன்றம்!"னு ரூலொஃப் கத்தினான். "மணி ரசிகர் மன்றம், மெயில்ல எழுதியிருக்கானே!" அவன் விரல் கீபோர்டுல தடுமாறுச்சு. வந்துச்சு. 'இந்த மணிக்கூண்டு எங்கே உள்ளது?'ன்னு ஒரு கேள்வி. கூடவே ஒரு சின்ன ஒலித்துண்டு. நான் எல்லார் போன்லேர்ந்தும் துடைச்சு எடுத்த அதே துண்டு, யார் வேணா கேக்கலாம்னு அங்க ஹாயா உட்கார்ந்திருந்துச்சு. ரூலொஃப் அதை ஓட விட்டான். "அம்மா, முடிஞ்சுதா?" "இன்னும் கொஞ்சம், செல்லம்." அடியில அதே பாட்டு.

கீழ ஒரு பெரியவர் பதில் போட்டிருந்தார். ஊர்ப் பேரு, கோபுரத்துப் பேரு, அந்தப் பாட்டை எந்த மணிக்காரர் எப்ப ஏத்தினார்னு அக்கறையா எல்லாம் எழுதி, கடைசியில ஒரு சிரிப்புப் பொம்மை. அதுக்கும் கீழ கோர்னே நன்றி சொல்லியிருந்தான்.

அந்த ஊர்ப் பேரை லைன்ல இருந்தவங்ககிட்ட சொன்னேன். உங்ககிட்ட இப்பவும் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் ஒரு போலீஸ் அதிகாரி கூப்பிட்டாங்க. ஃபென்னா பத்திரமா இருக்கா, நீச்சல்குளத்து வாசல்ல ஈரத் தலையோட நின்னுக்கிட்டிருந்தா, மாரிட்டோட அக்காவுக்குச் சொல்லியாச்சு. வீட்ல யாரும் இல்லை. கதவு உடையல. மாரிட்டோட போன் சமையலறை மேஜை மேல இருந்துச்சு. வேற ஏதாவது வித்தியாசமா இருந்துச்சான்னு கேட்டேன்.

"இல்லை மேடம், சாதாரண வீடுதான். எல்லா வீடும் மாதிரி வாசல் ஜன்னல் திரையைத் திறந்து வெச்சிருந்தாங்க, உள்ள எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது."

அவங்களுக்கு அது வித்தியாசமாவே படல.

அன்னிக்கிலேர்ந்து மாரிட்டைக் காணோம். அவனையும் காணோம். போலீஸ் தேடுது. என்னை நாலு தடவை கூப்பிட்டு விசாரிச்சாங்க, ரூலொஃபையும்தான்.

கோடைக்காலம் முடியற சமயத்துல ஒரு நாள் என் போனைத் திறந்தா, மாரிட்டோட எபிசோட் ஒவ்வொண்ணு மேலயும் சாம்பல் புள்ளி. மேலேர்ந்து கீழ வரைக்கும், நான் வரைஞ்ச அதே புள்ளி. பட்டியலைப் போய்ப் பார்த்தேன், சுத்தமா காலி. யாரோ எல்லாத்தையும் எடுத்திருக்காங்க.

இப்ப ஃபென்னாவை வெச்சிருக்கிற அவ அக்கா டீனெக்கேவுக்கு போன் பண்ணினேன். அவங்களும் பார்த்திருந்தாங்க.

"அந்தப் பட்டியலோட கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?"னு கேட்டேன்.

"அவளுக்குத் தெரியும். பழைய வீட்ல இருந்தப்போ வெச்சது. அதனால அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்." என்னையே கேட்டாங்க. "நீங்க கம்ப்யூட்டர்க்காரங்கதானே? யாரு எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியாதா? அவ எடுத்திருந்தா உயிரோட இருக்கான்னு அர்த்தம். அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"பட்டியல் அதைச் சொல்லாதுங்க"ன்னேன். "போலீஸ்கிட்ட சொல்லியிருக்கோம், அந்தக் கம்பெனியைக் கேக்கிறாங்க. கம்பெனி வெளிநாட்டுல இருக்காம், நாளாகுமாம்."

"சரி"ன்னாங்க. அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. "ஃபென்னா தூங்க மாட்டேங்கிறா. அம்மா பேசினது வேணுமாம். அதுலயும் தான் பேசின அந்த ஒண்ணுதான் வேணுமாம். போலீஸ் எங்ககிட்ட எதையும் தர மாட்டேங்கிறாங்க, அந்த மன்றத்துல இருந்ததையும் எடுத்துட்டாங்க. உங்ககிட்ட இருக்கா?"

நான் எங்க போய் எடுப்பேன்? என் கையால அழிச்சது அது.

ரூலொஃப் அவன் போனை எடுத்து என் மேஜை மேல வெச்சான். எங்க சர்வர் என்ன சொன்னாலும் கேக்காதபடி அவன் போனை மட்டும் முன்னாடியே பூட்டி வெச்சிருந்திருக்கான், மடையன். என் போன் என்னோடதுன்னு. அந்த எபிசோட் அதுல அப்படியே இருந்துச்சு, சாம்பல் புள்ளியோட. மறுநாளே ஒரு சின்னப் பிளேயர்ல அதை ஏத்தி எடுத்துக்கிட்டு, ரயிலேறி வடக்க போய் ஃபென்னா கையில கொடுத்துட்டு வந்தான்.

"கேட்டாளா?"ன்னேன்.

"அந்த ஒரு இடத்தை மட்டும்தான். திரும்பத் திரும்பப் போடறா." அவன் என் முகத்தைப் பார்க்கல. "பிளேயர் 'முடிஞ்சுதா'ன்னு கேக்கும்போது இவளும் கூடவே கேக்கறா. பதில் வந்ததும் சரின்னு தலையாட்டிட்டுப் படுத்துக்கறா."

நாங்க ரெண்டு பேரும் இப்பல்லாம் அந்தச் சண்டை போடறதில்லை. காணாம போன எபிசோடை வெச்சுக்கணுமா, அழிக்கணுமான்னு யாராவது மெயில்ல கேட்டா, ரூலொஃப் என்னைப் பார்க்கறான், நான் ஜன்னலைப் பார்க்கறேன். பதில் எழுதறதே இல்லை.

மாரிட்டோட நிகழ்ச்சியை நான் என் போன்லேர்ந்து எடுக்கல. மணிக்கொரு தடவை எங்க ஆப் போய் அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்துட்டுத்தான் வருது. ஒவ்வொரு தடவையும் நானும் போனை எடுத்துப் பார்க்கறேன். ஒரே ஒரு புது வரி வந்தாப் போதும், ஆடு புல்லுன்னு எதையாவது பேசினாப் போதும். பட்டியல்ல இல்லைன்னு மட்டும் சொல்லுது. ஏன்னு சொல்ல மாட்டேங்குது.